சீர்காழி ரங்கநாதனும் நம் பீரோச் சாவியும்

நம் சங்கத்து வாசகசாலைப் பொறுப்பை ஏற்றுக்கொண்டபோது செயற்குழு என்னிடம் கொடுத்தது ஒரு நீள ரிஜிஸ்தரும் ஒரு சாவிக்கொத்தும்தான். மாடி ஹாலில் இருக்கும் மூன்று கண்ணாடி பீரோக்களை அங்கத்தினர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சாவியை நான் வீட்டில் பூஜை அறை ஆணியில் மாட்டி வைத்தேன். நான் ஊரில் இல்லாவிட்டால் யாருக்கும் புத்தகம் கிடையாது. இரண்டு வருஷம் கழித்து ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், ஒரு புத்தகம்கூடத் தொலையவில்லை என்று அறிக்கை வாசித்தேன். கைதட்டினார்கள். அன்று இரவு ரிஜிஸ்தரைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, அந்த இரண்டு வருஷத்தில் வெளியே போன புத்தகங்களில் பாதிக்கு மேல் நானே எடுத்தவை என்று.

அப்போது எனக்கு ஞாபகம் வந்தவர் சீர்காழி ராமாமிருத ரங்கநாதன் அவர்கள். நான் 1970ல் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்தவன். எங்கள் கல்லூரி நூலகத்தில் பௌதிகப் புத்தகங்களின் முதுகில் எல்லாம் 'சி' என்ற ஆங்கில எழுத்து ஒட்டியிருக்கும். பின்னால் சில எண்கள், நடுவே ஒரு முக்காற்புள்ளி. கணிதம் என்றால் 'பி', ரசாயனம் என்றால் 'இ'. இது என்ன சங்கேதம் என்று நூலகரைக் கேட்டதற்கு, சீர்காழிக்காரர் ஒருவர் உலகத்துக்கே கொடுத்த முறை என்று அவர் பெருமையுடன் சொன்னார். அந்த வயதில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உத்தியோகத்தில் 36 வருஷம் இருந்து, எனக்குக் கீழே ஆட்களை வைத்து வேலை வாங்கிப் பார்த்த பிறகுதான் அவருடைய சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். அவர் வகுத்த எண்களைவிட, தம்மிடம் வேலை பார்த்தவர்களை அவர் எப்படிப் பொறுப்புள்ளவர்களாக ஆக்கினார் என்பதுதான் என்னை ஈர்த்தது.

அவர் பிறந்தது 1892 ஆகஸ்டில், அன்றைய தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த சீர்காழியில். வெள்ளைக்காரர் எழுத்தில் அது ஷியாளி. தகப்பனார் ராமாமிருத ஐயர் கொஞ்சம் நிலம் வைத்திருந்தவர், ராமாயணம் வாசித்துப் பொருள் சொல்பவர். பிள்ளைக்கு ஆறு வயது நடக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். சிறுவயதில் திக்குவாய்த் தொல்லை வேறு. இருந்தும் அவர் விரும்பியது ஆசிரியர் தொழிலை! சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியர் ராஸ் என்பவரிடம் கணிதம் படித்து 1916ல் எம்.ஏ. பட்டம் பெற்றார். மங்களூர், கோயம்புத்தூர் அரசுக் கல்லூரிகளில் கற்பித்துவிட்டுச் சென்னை பிரசிடென்சி கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். வாழ்நாள் முழுவதும் கணித வாத்தியாராகவே இருந்திருப்பார். விதி வேறு மாதிரி இருந்தது.

1923ல் சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் என்ற பதவியைப் புதிதாக ஏற்படுத்தி மனுக்களைக் கேட்டது. சம்பளம் ஆசிரியர் சம்பளத்தைவிட நன்றாக இருந்தது. சுமார் 900 பேர் மனுப் போட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட நூலகத் துறையில் முறையான பயிற்சி பெற்றவர் இல்லை. ரங்கநாதனும் நண்பர்களின் தூண்டுதலால் போட்டுவிட்டு அதை மறந்தே போனார். நேர்முகத்துக்குக் கூப்பிட்டபோது, அதற்குச் சில நாட்கள் முன்னதாகப் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டு போனார். அவ்வளவுதான் அவருக்கு அந்தத் துறையில் இருந்த ஞானம். கணிதத்தில் சில ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியிருந்தது கைகொடுத்தது. 1924 ஜனவரியில் பதவி ஏற்றார்.

ஏற்ற சில நாட்களிலேயே ஓடிவிடலாமா என்று ஆகிவிட்டது. பேச ஆள் இல்லை, செய்ய வேலை இல்லை. வகுப்பு நிறைய மாணவர்களுடன் இருந்தவருக்கு அந்த நிசப்தம் தாங்கவில்லை. பிரசிடென்சி கல்லூரி முதல்வரிடம் போய்த் தம்மைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். முதல்வர் அனுபவசாலி. நூலகராக இங்கிலாந்து போய்ப் படித்துவிட்டு வா, அதன் பிறகும் பிடிக்காவிட்டால் இடம் தருகிறேன் என்ற கருத்தில் சமாதானம் சொல்லி அனுப்பிவைத்தார்.

லண்டனில்தான் மனம் மாறியது. யூனிவர்சிடி காலேஜில் பாடம், பர்விக் சேயர்ஸ் என்ற நூலகர் ஆசான். அவர் பொறுப்பில் இருந்த கிராய்டன் பொது நூலகத்தில் நேரடிப் பயிற்சி. அங்கிருந்தபடியே நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். அங்கே அலமாரிகளுக்குப் பூட்டு இல்லை. சாதாரண ஜனங்கள் உள்ளே வந்து தாங்களே புத்தகத்தைக் கையால் எடுத்துப் பார்த்தார்கள், தேடுகிறவர்களுக்கு ஊழியர்கள் உதவினார்கள். அதே லண்டனில் ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமான் விற்பதைக் கண்டார். சில இரும்புப் பட்டைகளையும் திருகுகளையும் வைத்துக்கொண்டு ஒரு பையன் வண்டியும் செய்வான், பாலமும் செய்வான். பாட விஷயங்களையும் இப்படிச் சிறு அங்கங்களாகப் பிரித்து, முக்காற்புள்ளி என்ற திருகால் இணைத்தால் என்ன என்று தோன்றியது. நுரையீரல், காசநோய், எக்ஸ்ரே சிகிச்சை, இந்தியா, 1950 என்று ஐந்து துண்டுகளைச் சேர்த்தால் ஒரு புத்தகத்தின் முகவரி வந்துவிடும். 1925ல் கப்பலில் திரும்பும்போது, கப்பல் நூலகத்துப் புத்தகங்களையே வைத்து அந்த முறையைச் சோதித்துப் பார்த்தாராம். 1933ல் அது கோலன் பகுப்பு முறை என்ற பெயரில் வெளியாயிற்று. பிரசிடென்சி கல்லூரி வேலையை அவர் மறுபடி கேட்கவில்லை.

அந்நாளைய நம் நாட்டு நூலகத்தில் பொறுப்பு என்றால் என்ன அர்த்தம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். புத்தகம் சொத்து, நூலகர் அதன் காவல்காரர். எண்ணிக்கை குறைந்தால் அவர் தலையில் விடியும். ஆகவே அலமாரி பூட்டியிருந்தது. வாசகர் வருவது காவல்காரருக்குத் தொல்லை.

இது அந்தக் காலத்தோடு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் நூலகம் என் மேற்பார்வையில் இருந்தது. நூலகர் ஓய்வுபெற ஒன்றரை வருஷம் இருந்தது. ஸ்டாக் சரிபார்த்ததில் சில புத்தகங்கள் குறைந்தன. எனக்கு முன்னால் இருந்த அதிகாரி அவர் சம்பளத்தில் பிடித்தம் செய்ய உத்தரவிட்டுவிட்டுப் போயிருந்தார். பொதுநிதி விதிகளில், வருஷத்தில் வெளியே கொடுத்த அல்லது எடுத்துப் பார்க்கப்பட்ட ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து வரை தொலைவது இயல்பு, நாணயக்குறைவோ அஜாக்கிரதையோ இல்லாதவரை அதை ஏற்றுக்கொள்ளலாம் என்று தெளிவாக இருக்கிறது. 2005ம் வருஷத்து விதிகளிலும் உண்டு, 2017ல் திருத்தி வெளியிட்டதிலும் உண்டு. (ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமோ அரிய புத்தகமோ தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.) ஆனால் பயந்த மனிதருக்கு விதி ஞாபகத்தில் நிற்காது. அவர் பணம் கட்டிவிட்டு, மறுநாளிலிருந்து எல்லா பீரோவையும் பூட்டிவிட்டார். ஆபீஸில் யாரும் அப்புறம் அந்த அறைப் பக்கம் போகவில்லை. நான் அந்த பைலைத் திரும்பத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. எனக்கும் ஆடிட் பயம்.

ரங்கநாதன் இந்தப் பயத்தின் வேரில் கையை வைத்தார். சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் அலமாரிகளைத் திறந்துவிட்டு வாசகர்களை உள்ளே அனுமதித்தார். புத்தகம் இருப்பது உபயோகத்துக்காக என்பது அவருடைய முதல் விதி. 1931ல் வெளியான ஐந்து விதிகள் பற்றிய நூலில் அதுதான் அடித்தளம். அதற்கு மூன்று வருஷம் முன்பு, மனதிலிருந்ததை ஒரு சூத்திரமாக்க முடியாமல் அவர் தவித்துக்கொண்டிருந்தபோது, பார்க்க வந்த பழைய ஆசிரியர் ராஸ் போகிறபோக்கில் அந்த முதல் விதியை எடுத்துக்கொடுத்தாராம். அது நிலைபெற்றதும் மற்ற நான்கும் தாமாக வந்தன. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கானதைச் சேர்ப்பது, அவருடைய நேரத்தை மிச்சப்படுத்துவது என்று போகும். இதன்படி, புத்தகம் தொலைந்ததா என்பதைவிட, வந்தவர் வெறுங்கையோடு போனாரா என்பதற்குத்தான் ஊழியர் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

இதைச் சுற்றறிக்கையில் எழுதி அனுப்புவது சுலபம். நானும் எத்தனையோ சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறேன். ஒரு முறை, 9.30 மணி ஆபீஸுக்கு 10 மணிக்கு வந்த ஒரு கிளார்க்குக்கு மெமோ கொடுத்தேன். அன்று நான் வந்தது 10.15க்கு. அவர் பதில் எழுதிக் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அந்தப் பார்வை இன்றும் நினைவிருக்கிறது.

ரங்கநாதனிடம் யாரும் அப்படிப் பார்க்க முடியாது. அவர் தினம் சுமார் 13 மணி நேரம் நூலகத்தில் இருப்பார். வாரத்தில் ஏழு நாளும் வருவார். ஏறக்குறைய இருபது வருஷம் விடுப்பு எடுக்கவில்லை. நூலகத்தையும் வருஷத்தின் எல்லா நாளும் திறந்து வைத்தார். ஞாயிறு, பண்டிகை என்று கதவடைக்கும் பழக்கம் போயிற்று. வேலைக்குப் போகிறவன் படிக்க வரக்கூடிய நாளே ஞாயிற்றுக்கிழமைதானே? தேடுபவருக்குத் துணை நிற்கும் வேலையைத் தனிப் பணியாகவே ஆக்கினார். தலைவரே வாசகர் பக்கத்தில் நின்று புத்தகம் தேடிக் கொடுக்கும் இடத்தில், உதவியாளர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கத் தனி உத்தரவு வேண்டியதில்லை.

உழைத்துக் காட்டியதோடு அவர் நின்றிருந்தால் வெறும் உழைப்பாளி என்று சொல்லியிருப்பேன். 1935ல் நூலக நிர்வாகம் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். என் போன்ற ஆபீஸ்காரர்களுக்கு அதுதான் விருந்து. புத்தகத்துக்கு ஆர்டர் போடுவதிலிருந்து முத்திரை குத்தி அலமாரியில் சேர்ப்பது வரை எல்லாவற்றையும் சிறு சிறு வேலைகளாக உடைத்து, எது எந்த வரிசையில், எந்தப் பதிவோடு நடக்க வேண்டும் என்று நிர்ணயித்திருக்கிறார். இத்தனை வேலைக்கு இத்தனை ஊழியர் தேவை என்று கணக்கிட ஒரு சூத்திரமும் கொடுத்தார். கணித எம்.ஏ. அல்லவா! யார் எந்த வேலைக்குப் பொறுப்பு என்று தெரியாத ஆபீஸில் தவறு நடந்தால் கடைசியில் மாட்டுபவர் கடைநிலை ஊழியர்தான். வேலை பிரிந்து எழுத்தில் இருந்தால், தவறு எந்தப் படியில் நேர்ந்தது என்று தெரியும். அந்தப் படியைச் சரிசெய்யலாம், மனிதரைத் திட்ட வேண்டியதில்லை. ஆள் போதாமல் ஒரு வேலை நின்றால், அதையும் சூத்திரத்தைக் காட்டி மேலிடத்தில் கேட்கலாம்.

இனி ஒரு சங்கடமான விஷயம். அவருடைய முதல் மனைவி ருக்மிணி அம்மாள் 1928ல் விபத்தில் காலமானார். அடுத்த வருஷம் சாரதா அம்மாளை மணந்தார். கல்யாணம் நடந்த அன்று பிற்பகலே அவர் நூலகத்துக்குத் திரும்பிவிட்டார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் வியந்து சொல்கிறார்கள். இதை நான் வீட்டில் படித்துக் காட்டினேன். என் சகதர்மிணி வியக்கவில்லை. கல்யாணப் பெண்ணை யாராவது கேட்டார்களா என்று மட்டும் கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். நியாயமான கேள்விதான். என் அபிப்ராயத்தையும் சொல்லிவிடுகிறேன். தலைவர் இருபது வருஷம் லீவு எடுக்காவிட்டால், கீழே இருப்பவன் குழந்தைக்கு ஜுரம் என்று ஒரு நாள் லீவு கேட்கவே கூசுவான். முன்மாதிரியும் ஒரு அளவுக்கு மேல் போனால் பாரமாகிவிடும். ரங்கநாதன் சோம்பலைச் சகிக்காதவர், கண்டிப்பானவர். அவரோடு வேலை பார்த்த எல்லோருக்கும் அது சுகமாக இருந்திருக்காது.

அந்தக் கணக்கின் மறுபக்கமும் உண்டு. ஊழியர்களிடம் அதிகம் கேட்டவர், அவர்களுக்காகவும் அதிகம் கேட்டார். நூலகருக்கு ஆசிரியருக்குச் சமமான அந்தஸ்தும் சம்பளமும் வேண்டும் என்பது அவர் கடைசிவரை விடாத வாதம். 1957ல் பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த நூலகக் குழுவுக்குத் தலைவரானபோதும் அதையே சிபாரிசு செய்தார். தம்மிடம் உதவியாளர்களாக இருந்த சி.சுந்தரம், கே.எம்.சிவராமன் ஆகியோரோடு சேர்ந்து 1940, 41ல் எழுதிய புத்தகங்களில் அவர்கள் பெயரையும் தம் பெயருக்குப் பக்கத்தில் போட்டார். என் சர்வீஸில் நான் தயாரித்த எத்தனையோ அறிக்கைகள் மேலதிகாரியின் பெயரில் மட்டும் போயிருக்கின்றன. ஆகவே அந்த முகப்புப் பக்கத்தின் மதிப்பு எனக்குத் தெரியும். புத்தகத்தில் தன் பெயர் இருக்கிறவன், அதில் வரும் பிழைக்கும் தானே பொறுப்பு என்று நினைப்பான்.

நடுவே பல காரியங்கள். 1928ல் சென்னை நூலகச் சங்கம், அடுத்த வருஷம் நூலகர் பயிற்சிப் பள்ளி, 1931ல் மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம், 1936ல் கடற்கரையில் பல்கலைக்கழக நூலகத்துக்குச் சொந்தக் கட்டிடம். சுதந்திர இந்தியாவில் முதலாவதான 1948ம் வருஷத்துச் சென்னைப் பொது நூலகச் சட்டமும் அவர் உழைப்பில் விளைந்ததுதான். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரை வேண்டும்.

1945ல், 21 வருஷ சேவைக்குப் பின், பல்கலைக்கழக நிர்வாகத்தோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் மனம் கசந்து சென்னையை விட்டார். ஓய்வாக எழுதிக்கொண்டிருக்கத்தான் எண்ணினார். காசி ஹிந்து சர்வகலாசாலையில் துணைவேந்தராக இருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் கூப்பிட்டார், போனார். அங்கே பயிற்சி பெற்ற ஊழியர்கள் இல்லை. 53 வயதில், சுமார் ஒரு லட்சம் புத்தகங்களுக்கு ஒன்றரை வருஷத்தில் தாமே தனியாகப் பகுப்பு எண் போட்டார். இதை எல்லோரும் சாதனையாகச் சொல்வார்கள், சாதனைதான். ஆனால் எனக்கு அதைப் படிக்கும்போது கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கிறது. சென்னையில் இருபது வருஷத்தில் உருவாக்கிய குழு அங்கே அவருடன் இல்லை. ஒரு மனிதர் எவ்வளவு செய்தாலும் அது ஒரு மனிதர் செய்ததாகவே நிற்கிறது.

அவரும் அப்படி நினைத்தாரோ என்னவோ, 1947ல் சர் மாரிஸ் க்வயர் அழைத்து டில்லிப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு அவர் கவனமெல்லாம் ஆட்களைத் தயார்செய்வதில் போயிற்று. அங்கே நூலகத் துறையில் பட்டப் படிப்பையும் ஆராய்ச்சிப் படிப்பையும் வளர்த்தார். பின்னர் சில காலம் ஸுரிக், உஜ்ஜயினி. 1962ல், எழுபது வயதில், பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் கீழ் ஆவணப் பயிற்சி மையத்தைத் தொடங்கி மறுபடி வாத்தியார் ஆனார். 1957ல் பத்மஸ்ரீ, 1965ல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவி.

கசப்போடு விட்டுவந்த அதே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு, நூலகவியலில் ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்த, தம் ஆயுட்காலச் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைக் கொடுத்தார். 1950களில் ஒரு லட்சம் என்றால் என்ன தொகை என்பது நம்மில் மூத்தவர்களுக்குத் தெரியும். பதவிக்கு வைத்த பெயர் சாரதா ரங்கநாதன். பின்னர் பெங்களூரில் ஏற்படுத்திய அறக்கட்டளைக்கும் அதே பெயர். கல்யாணத்தன்று தனியாக விடப்பட்டவரின் பெயர் என்று வீட்டில் சொன்னேன். பணத்தைக் கொடுக்க அந்த அம்மாளும் சம்மதித்திருக்க வேண்டுமே என்றாள் என் சகதர்மிணி. 1972 செப்டம்பர் 27ம் தேதி பெங்களூரில் ரங்கநாதன் காலமானார். அவர் பிறந்தநாள் என்று ஆகஸ்ட் 12ம் தேதியை நாடெங்கும் நூலகர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

போன பொதுக்கூட்ட அறிக்கையை நான் திருத்தி வாசிக்க முடியாது. ஆனால் செயற்குழுவின் அனுமதியோடு மூன்று பீரோக்களின் பூட்டையும் எடுத்தாயிற்று. ரிஜிஸ்தர் ஜன்னலோர மேஜையில் இருக்கிறது, புத்தகம் எடுப்பவர் தாமே பெயரும் தேதியும் எழுத வேண்டியது. புத்தகம் தொலைந்தால் அது என் கணக்கு, வேறு யாரையும் கேட்க வேண்டாம் என்று செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதுவரை இரண்டு தொலைந்து, ஒன்று திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 9 முதல் 12 வரை நான் மாடியில் இருப்பேன். தீபாவளி ஞாயிறில் வந்தாலும் இருப்பேன். வீட்டில் அனுமதி வாங்கியாயிற்று.